புகார் இல்லாத கூடம்

மார்ச் 6

மச்சான் அவர்களுக்கு,

இடது காதில் இரைச்சல் இன்னும் நிற்கவில்லை. செவிப்பறை கிழியவில்லை என்று டாக்டர் சொல்கிறார். உங்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

போனில் பேச மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் நானும் கத்துவேன். கத்துவதில் உங்களை ஜெயிக்க என்னால் முடியாது. எழுத்தில் முடியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

திங்கட்கிழமை கேன்டீனில் நான் பேசியது உங்களை அவமானப்படுத்த அல்ல. தலைமை அலுவலகத்தின் மனிதவள மேலாளர் என்ற முறையில் வந்தேன். உங்கள் தங்கையின் கணவனாக வரவில்லை. நம் கம்பெனியின் ஆலைகளிலேயே உங்கள் வார்ப்புக் கூடத்தில்தான் அறையும் உதையும் வேலையின் ஒரு பகுதியாக இருக்கின்றன. அதை நிறுத்த ஒரு திட்டம் போட்டேன். விதி இரண்டே இரண்டு. கை நீட்டியவர் வேலையை விட்டுப் போக வேண்டும். மாதம் முழுவதும் ஒரு அடிதடிப் புகார்கூட வராத கூடத்துக்கு அடுத்த மாதத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் சம்பளத்தோடு விடுமுறை. ஒரே ஒரு புகார் வந்தாலும் கூடம் மொத்தத்துக்கும் விடுமுறை போய்விடும். ஆளுக்கு ஆள் கண்காணித்துக்கொள்வார்கள், மேலிருந்து யாரும் தடியோடு நிற்க வேண்டியதில்லை. இதைத்தான் விளக்கினேன்.

"உங்கள் போர்மேன் கை இனிமேல் அவர் பாக்கெட்டுக்குள்தான் இருக்கும்" என்று சொன்னது சும்மா ஒரு சிரிப்புக்கு. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மேசைகளைத் தாண்டி வந்து, அத்தனை பேர் முன்னால், நான் கையில் மைக் பிடித்திருக்கும்போதே அறைந்தீர்கள். அந்தச் சத்தம் மைக்கில் போய் வெளி வாசல்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

நான் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அன்றே உங்கள் வேலை போயிருக்கும். குடும்பத்தை நினைத்து விட்டுவிட்டேன். அதற்காக மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பெண் கேட்டு வந்தபோது என்னைப் பற்றி "பேப்பர் தின்னு வளர்ந்த பையன்" என்று நீங்கள் உங்கள் அப்பாவிடம் சொன்னதையே நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் தங்கை உங்களோடு பேச மாட்டாளாம். அது அவளாக எடுத்த முடிவு.

இப்படிக்கு,
மனிதவள மேலாளர்


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

காது எப்படி இருக்கு? நிஜமாத்தான் கேக்கறேன். என் உள்ளங்கையும் ரெண்டு நாள் எரிஞ்சுது. உங்க கன்னத்துல எலும்பு ஜாஸ்தி.

நான் எழுதி ரொம்ப நாளாச்சு. தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோங்க, திருத்தறதுதானே உங்க தொழில்.

உங்களுக்கு எங்க கூடத்தைப் பத்திப் படமா போட்டுக் காட்டத் தெரியுது. உள்ள வந்து ஒரு ஷிப்ட் நின்னதில்ல. உருகின இரும்பு வாளியில தொங்கி வரும். கீழ மண் அச்சு வரிசையா இருக்கும். அச்சு ஈரம் காயாம இருக்கறப்ப அதுல இரும்பை ஊத்தினா குண்டு மாதிரி வெடிக்கும். வாளிக்காரங்களுக்குத் தலைவன் பூனை. நடந்தா சத்தமே வராது, அதனால அந்தப் பேரு. அவன் போன வருஷம் அச்சைத் தொட்டுப் பார்க்காம வாளியைச் சாய்க்கப் போனான். "நில்லுடா"ன்னா அங்க இருக்கற இரைச்சல்ல கேக்குமா? ஓடிப்போய் விட்டேன் ஒண்ணு. பல்லு தெறிச்சு மண்ணுல விழுந்துச்சு. வெடிச்சிருந்தா அவனுக்கு மூஞ்சியே இருந்திருக்காது. அன்னிக்கு சாயங்காலம் எம்பக்கத்துல உக்காந்து டீ குடிச்சான். விஷயம் அதோட முடிஞ்சுது.

எங்க வழக்கம் அதான். அடி வாங்கிட்டா தீர்ந்துச்சு. அவன் பேரு எந்த பேப்பர்லயும் ஏறாது, யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்ல, மறுநாள் யாரும் அதைப் பத்திப் பேசக் கூடாது. நான் அறைஞ்சவன்ல ஒருத்தன்கூட வேலையை விட்டுப் போனதில்ல. உங்க ஆபீஸ்ல மெமோ வாங்கினவன்ல எத்தனை பேரு இன்னும் இருக்கான்? சொல்லுங்க பார்ப்போம்.

அடிக்கறது நல்லதுன்னு சொல்லல. என் பையனை நான் தொட்டதில்ல. ஆனா ஒரு பழக்கத்தை எடுக்கணும்னா அது எதைத் தாங்கிட்டு நிக்குதுன்னு மொதல்ல பார்க்கணும். நீங்க தூணை உருவிட்டு சனிக்கிழமையை முட்டுக் கொடுத்திருக்கீங்க.

இன்னொண்ணு. எங்க கூடத்துல ஒருத்தன் தப்பு பண்ணா எல்லாரும் சேர்ந்துதான் அவனைத் திருத்துவாங்க. எப்படின்னு உங்களுக்குத் தெரியும். இப்ப நீங்க, ஒருத்தன் புகார் எழுதினா எல்லாருக்கும் நஷ்டம்னு வச்சிருக்கீங்க. அப்ப எது தப்பு? அடிக்கறதா, எழுதறதா? கொஞ்சம் யோசிங்க.

தங்கச்சி பேச வேணாம். சாப்பிட்டாளான்னு மட்டும் சொல்லுங்க.

உங்க மச்சான்


ஏப்ரல் 11

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சாப்பிடுகிறாள்.

பூனையின் பல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று மாலை டீ குடித்தான் என்பதால் விஷயம் முடிந்தது என்கிறீர்கள். அவனுக்கும் முடிந்ததா என்று கேட்டீர்களா? வேறு போக்கிடம் இல்லாதவன் அடித்தவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து டீ குடிப்பான். நானும் அப்படிப் பலருடைய பக்கத்தில் உட்கார்ந்து குடித்திருக்கிறேன், இந்த அலுவலகத்தில். யாரையும் மன்னிக்கவில்லை.

மார்ச் மாதம் உங்கள் கூடத்தில் புகார் எதுவும் வரவில்லை. உங்கள் கூடத்து வாசல் பலகையில் பெரிதாகப் பூஜ்யம் எழுதச் சொல்லியிருக்கிறேன். பார்த்திருப்பீர்கள். இயக்குநர் வாராந்திரக் கூட்டத்தில் அந்தப் பூஜ்யத்தைக் காட்டி, "பழக்கத்தை மாத்த முடியாதுன்னு சொன்னவங்க எங்கே?" என்று கேட்டார். அப்படிச் சொன்னவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேல் பதவிக்குப் போக வேண்டியவனும் அவர்களில் ஒருவன். நல்ல காட்சி.

எழுதுவது தப்பா அடிப்பது தப்பா என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் கேட்பவர் யார் என்று பார்க்கிறேன். அடிக்க முடியாமல் கை அரித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்கிறார். யாராவது அடிபட்டால் புகார் எழுதட்டும். வருகை பதியும் வாசலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பெட்டி தொங்குகிறது. பூட்டுச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மனிதவள மேலாளர்


மே 14

மாப்பிள்ளைக்கு,

உங்க பெட்டி தொங்குது. அதுக்குப் பக்கத்துல ரெட்டையர்களும் தொங்கறாங்க. பூனை கூட வாளி தள்ற அண்ணன் தம்பி, ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருப்பாங்க. ஷிப்ட் முடியற நேரம் ரெண்டு பேரும் யாரையோ எதிர்பார்க்கற மாதிரி அங்க நிப்பாங்க. யாரும் அந்தப் பக்கம் போறதில்ல.

நேத்து ஒருத்தன் போனான்.

கிரேன் ஓட்டற பையன்னு நீங்க நினைக்கற வயசு இல்ல, அவனுக்குப் பொண்ணு காலேஜ் போகுது. கொக்கின்னு கூப்பிடுவோம். வாளியைத் தூக்கிட்டு வரும்போது ஒரு குலுக்கல் குடுத்துட்டான். ரெட்டையர்ல சின்னவன் பூட்ஸ் மேல இரும்பு சிந்திச்சு. தோல் பொசுங்கிச்சு. கொக்கி மேலதான் தப்பு. முன்னால நான் மேல ஏறிப் போய் ஒரு அறை விட்டிருப்பேன், அதோட போயிருக்கும். இப்ப நான் கையைக் கட்டிட்டு நின்னேன். சின்னவன் ஏணியில ஏறிப்போய் கொக்கியைச் சங்கிலியால அடிச்சான். கேபின் கண்ணாடியில ரத்தம் கீழிருந்தே தெரிஞ்சுது.

கொக்கி இறங்கி வந்தான், முகத்தைத் துடைச்சான், ஒரு பேப்பர்ல என்னமோ எழுதினான். ஷிப்ட் முடிஞ்சதும் நேரா உங்க பெட்டிக்குப் போனான்.

அதைப் போடறதுக்குள்ள பூனையும் ரெட்டையரும் அவனை மண் குவியலுக்குப் பின்னால இழுத்துட்டுப் போனாங்க. நான் போறதுக்குள்ள தாடை உடைஞ்சிருந்துச்சு. ஒருத்தன் தோள் மேல உக்காந்திருந்தான், ஒருத்தன் மூக்கைப் பிடிச்சிருந்தான், பூனை அந்தப் புகாரைக் கிழிச்சுக் கிழிச்சு அவன் வாயில திணிச்சிட்டிருந்தான். "மெல்லுடா, எங்க எல்லார் சனிக்கிழமையும் இதுலதான் இருக்கு"ங்கறான். தாடை உடைஞ்சவன் எப்படி மெல்லுவான்? முழுங்கினான். ரத்தமும் பேப்பருமா முழுங்கினான்.

நான் பூனையோட காலரைப் பிடிக்கப் போனேன். அவன் திரும்பி என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணே, கையைப் பாக்கெட்டுல வைங்க. தொட்டா உங்க வேலை போயிடும்." மத்தவங்க சிரிச்சாங்க. நீங்க சொல்லிக்குடுத்த சிரிப்புதான்.

என் கையைக் கட்டினீங்க, அவங்க கையை அவுத்து விட்டுட்டீங்க. ஆஸ்பத்திரியில கொக்கி படியில விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கான். உங்க பலகையில பூஜ்யம் அப்படியே இருக்கு.

அவங்க கெட்டவங்க இல்ல, அதையும் சொல்லிடறேன். பூனைக்கு சனிக்கிழமை வந்தப்புறம்தான் அவன் மக அவனை அடையாளம் கண்டுக்குதாம். ரெட்டையர் அன்னிக்குத் தச்சு வேலைக்குப் போறாங்க. பசிச்சவன் கையில ஒரு நல்ல பொருளைக் குடுத்துட்டு, ஒருத்தன் வாயைத் திறந்தா பிடுங்கிடுவேன்னு சொன்னா, அவன் வேற என்ன பண்ணுவான்?

உங்களைக் கேக்கறேன். நான் அறைஞ்சப்ப நீங்க ஏன் புகார் எழுதல? குடும்பத்துக்காகன்னு எழுதியிருந்தீங்க. தங்கச்சிகிட்ட அப்படிச் சொல்லுங்க, நம்புவா. திட்டம் ஆரம்பிச்ச அன்னிக்கே ஒண்ணுன்னு எழுத வேண்டியிருக்குமே, அதானே? அப்ப உங்களுக்கும் ரெட்டையருக்கும் என்ன வித்தியாசம், நீங்க உங்க பேப்பரை நீங்களே முழுங்கிட்டீங்க, அவ்வளவுதான்.

அந்த விதியை எடுத்துடுங்க. சனிக்கிழமையை எல்லாருக்கும் குடுங்க, இல்ல யாருக்கும் வேணாம். கொக்கி செத்தான்னா நான் உங்களைத் தேடி வருவேன்.

மச்சான்


மே 23

மச்சான் அவர்களுக்கு,

மிரட்டல் கடிதத்துக்கு நன்றி. கோப்பில் சேர்க்கவில்லை.

நீங்கள் எழுதியது நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். கொக்கியின் மருத்துவச் சீட்டில் படியில் விழுந்தார் என்றுதான் இருக்கிறது, வரவழைத்துப் பார்த்தேன். கூடத்தில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் ஒருவர் மட்டும் சொல்கிறீர்கள், அதுவும் எனக்கு, வீட்டு முகவரிக்கு. எந்த அடிப்படையில் விதியை எடுப்பது? "என் மைத்துனர் கடிதம் எழுதினார்" என்று இயக்குநரிடம் சொல்லவா?

உங்கள் கூடத்தை உங்கள் கை இல்லாமலே ஒருவன் மாற்றிவிட்டான் என்பதை உங்களால் பொறுக்க முடியவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது. நான் படித்த படிப்பில், மாற்றத்தை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது "இதனால் ஆளைக் கொன்றுவிடுவார்கள்" என்பதுதான். ஒவ்வொரு ஆலையிலும் ஒரு போர்மேன் அதைச் சொல்வார்.

ஜூலையில் மற்ற நான்கு ஆலைகளுக்கும் திட்டம் போகிறது. அதற்கான ஆணை என் மேசையில் தயாராகிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இயக்குநர் தன் அறையில் என்னை உட்காரச் சொன்னார். வழக்கமாக நின்றுகொண்டுதான் பேசுவேன்.

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கை படித்துவிட்டாள். மேசை மேல் விட்டது என் தவறு. அவள் இப்போது என்னோடும் பேசுவதில்லை. ஆக, நாம் இருவரும் சமம்.

புகார் எழுத்தில் வந்தால் நடவடிக்கை எடுப்பேன். யார் மேல் என்றாலும்.

கொக்கியால் எதையாவது சாப்பிட முடிகிறதா? அலுவலக முறையில் கேட்கவில்லை. தெரிந்தால் எழுதுங்கள்.

மனிதவள மேலாளர்


ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

கொக்கி குழாயில குடிக்கறான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. அந்தக் கோலத்துலயே திங்கக்கிழமை வேலைக்கு வந்துட்டான். லீவு போட்டா ஆபீஸ் காரணம் கேக்கும், காரணம் கேட்டா விஷயம் வெளிய வரும்னு பூனை அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கான், பொண்ணு எதிர்ல.

நேத்து கொக்கி கிரேன் ஏணியில ஏறும்போது மேல் படி கழண்டு வந்துச்சு. ஒத்தைக் கையில தொங்கினான். கீழ வாளி, வாளி நிறைய இரும்பு. எப்படியோ கால் மாட்டித் தப்பிச்சான். நான் ஏறிப் பார்த்தேன். ரெண்டு போல்ட்டையும் யாரோ ஸ்பானர் போட்டு எடுத்திருக்காங்க. என்னிக்காவது கம்பியை அவுத்ததும் வாயைத் திறந்துடுவானோன்னு அவங்களுக்குப் பயம். அடுத்த தடவை அவன் வாளியில விழுந்தா ஆளை எடுக்க மாட்டோம், துடைச்சுத்தான் எடுப்போம்.

எழுத்துல வேணும்னீங்க. இன்னிக்குக் காலையில எழுதிப் போட்டேன். ரெட்டையர் ரெண்டு பேர் கண்ணு முன்னாலயும் போட்டேன். கொக்கியோட தாடையை உடைச்சது நான், போர்மேன், என் சொந்தக் கையால, அப்படின்னு எழுதியிருக்கேன். கீழ கையெழுத்து போட்டிருக்கேன். தடுக்க வந்தாங்க. "இது என் மேல நானே எழுதின புகாருடா, வேணும்னா படிச்சுப் பாரு"ன்னேன். வாயைப் பொளந்துட்டு நின்னாங்க.

பூஜ்யம் போச்சு. சனிக்கிழமையும் போச்சு. இனிமே கொக்கி வாயைத் திறந்தா என்ன, மூடினா என்ன, அவங்களுக்கு லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. கோவம் இருந்தா எம்மேல இருக்கட்டும். என் உடம்பு தாங்கும்.

கை நீட்டினவன் வீட்டுக்குப் போகணும்னு விதி எழுதினது நீங்க. அனுப்புங்க. ரொம்ப நாளா ஆசைதானே.

நாளைக்குக் காலை ஷிப்ட் நான்தான் பார்க்கணும். தங்கச்சிகிட்ட எதுவும் சொல்ல வேணாம்.

மச்சான்


ஜூன் 12

மச்சான்,

உங்களுக்கு நடந்ததை உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன். உங்களைக் கூடத்திலேயே அடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் தங்கைக்கு யாரோ போன் செய்தார்கள். அவள் கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இப்போது உங்கள் கட்டில் பக்கத்தில் இருப்பாள். ஆஸ்பத்திரியில் பேசினேன். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு, விலா எலும்புகளிலும் முறிவு, முதுகில் உருகிய இரும்பின் சூடான கசடை அள்ளிப் போட்ட புண்.

அதற்கு அடுத்த நாள் பெட்டியைத் திறந்தபோதுதான் உங்கள் புகாரைப் பார்த்தேன். சாவி என்னிடம்தானே இருக்கிறது. படித்ததும் பொய் என்று தெரிந்தது. அதை இயக்குநரிடம் எடுத்துக்கொண்டு போய், திட்டம் தப்பு, நிறுத்த வேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"அடிச்சது யாரு?"

"போர்மேன்னு எழுதியிருக்கு."

"எழுதினது யாரு?"

"அவரேதான்."

"அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"மனைவியோட அண்ணன்."

"பிரமாதம். சொந்த மச்சானையே வீட்டுக்கு அனுப்பினார்னா மத்த ஆலையில ஒருத்தனும் கையைத் தூக்க மாட்டான். போடுங்க கையெழுத்தை."

நீக்க உத்தரவு ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. பேனாவை எடுத்தேன். ஒன்றை மறைக்க மாட்டேன், மச்சான். சுகமாக இருந்தது. அந்தக் கேன்டீன், அந்த மைக், அதற்கெல்லாம் முன்னால் பெண் கேட்டு வந்து நான் உட்கார்ந்த உங்கள் வீட்டுக் கூடம், எல்லாம் அந்தப் பேனா முனையில் வந்து நின்றன. விதிப்படி, சட்டப்படி, யாரும் குறை சொல்ல முடியாதபடி உங்களை முடித்துவிடலாம். இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் எனக்கு வந்ததே இல்லை.

போடவில்லை. நல்லவனாகிவிட்டதால் அல்ல. பக்கத்திலேயே மற்ற நான்கு ஆலைகளுக்கான ஆணை கிடந்தது. அதன் கடைசி வரியில் "புகார் எண்ணிக்கையே அளவுகோல்" என்று நான்தான் எழுதியிருந்தேன். நான்கு ஆலைகளிலும் நான்கு மண் குவியல்கள் இருக்கின்றன, அவற்றின் பின்னால் நான்கு கொக்கிகள். அடியைக் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டு நான் புகாரைக் குறைத்திருக்கிறேன். சேர்ந்தே உழைத்து, சேர்ந்தே அடிக்கும் ஒரு கூட்டத்துக்குச் சேர்த்தே பரிசு கொடுத்தேன். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் அந்தப் பரிசைக் காப்பாற்றினார்கள். மார்ச்சிலேயே நீங்கள் எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதியது என்பதாலேயே நான் அதை ஒழுங்காகப் படிக்கவில்லை.

கோப்போடு வெளியே வந்துவிட்டேன். இயக்குநர் இருபதாம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறார். அன்று நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் உண்மையில் அடித்தவர்களின் பெயரோடு எழுத்தில் புகார் வந்தால், கூட்டுப் பரிசை நீக்கச் சொல்லி நான் வாதாட முடியும். சனிக்கிழமை எல்லோருக்கும், அடிக்கு அவரவர் மட்டும் பொறுப்பு, இதுதான் நான் கேட்கப்போவது. வராவிட்டால் வேறொருவர் உங்கள் உத்தரவில் கையெழுத்துப் போடுவார், திட்டம் இப்படியே நான்கு ஆலைக்கும் போகும்.

கொக்கியை எழுதச் சொல்ல மாட்டேன். அவன் ஒரு தடவை எழுதியது போதும். நீங்கள்தான் எழுத வேண்டும். நான் என்ன எழுதினாலும் அது சுவரில் ஒட்டும் இன்னொரு சுற்றறிக்கை. நீங்கள் எழுதினால்தான் எழுதலாம் என்று கூடம் நம்பும்.

காட்டிக்கொடுப்பதைவிடச் சாவது மேல் என்று நீங்கள் நினைப்பவர் என்பது தெரியும். நீங்கள் பெயர் சொல்பவர்களின் வேலை போகாது என்று நான் வாக்குக் கொடுக்கவும் முடியாது. போகலாம். பொய் சொல்லி உங்களிடம் எழுதி வாங்க விருப்பமில்லை.

உங்கள் தங்கை என்னைப் பற்றிக் கேட்டால் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 17

மாப்பிள்ளைக்கு,

கையெழுத்து வேற மாதிரி இருக்கேன்னு பயப்பட வேணாம். நான் சொல்லச் சொல்ல வேற ஒருத்தன் எழுதறான். யாருன்னு வரும்.

உங்க கடுதாசியை தங்கச்சி படிச்சுக் காட்டினா. பேனாவை எடுத்தப்ப சுகமா இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அந்த இடத்துல நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் போயிட்டா. அப்புறம் வந்து மிச்சத்தைப் படிச்சா. அந்த வரியை நீங்க எழுதாம விட்டிருந்தா மிச்சத்தை நான் நம்பியிருக்க மாட்டேன். அதை அவகிட்டயும் சொன்னேன்.

ரெண்டு நாள் யோசிச்சேன். முதுகு மேல படுக்க முடியாதவனுக்கு யோசிக்கறதைத் தவிர என்ன வேலை. பேரைச் சொன்னா நான் யாரு? வளர்த்த ஆளுங்களைப் போட்டுக் குடுத்தவன். சொல்லலன்னா நான் யாரு? கொக்கி விழுந்து சாகறப்ப ஓரமா நின்னவன். ரெண்டும் கேவலம்தான். எது கொறச்சல் கேவலம்னு பார்க்க வேண்டியிருந்துச்சு.

எதைச் செஞ்சாலும் மூஞ்சிக்கு நேரா செய்யணும்னு தங்கச்சியை அனுப்பினேன். அவ கூடத்து வாசல்ல போய் நின்னு மூணு பேரையும் கூப்பிட்டிருக்கா. ரெட்டையர் பின்பக்கமா ஓடிட்டாங்களாம். பூனை வந்தான். எப்பவும் போல சத்தமில்லாம வந்து கால்மாட்டுல நின்னான்.

"அண்ணே, முடிச்சுக்கலாம்"னான்.

"எதைடா?"

"நாங்க அடிச்சதுக்கு நீங்க திருப்பி அடிப்பீங்கன்னு தினமும் பார்த்துட்டிருக்கேன். அடிக்க மாட்டேங்கறீங்க. தூக்கம் வரல. ஒண்ணு விடுங்க, வாங்கிக்கறேன். தீர்ந்துடும்."

சொல்லிட்டுக் குனிஞ்சு கன்னத்தைக் காட்டினான். எங்க வழக்கம் அது, சொன்னேனே. அடி பாக்கி இருந்தா அவனால நிம்மதியா சோறு திங்க முடியாது. மாப்பிள்ளை, எனக்கு இடது கை நல்லாத்தான் இருக்கு. ஆசையும் இருந்துச்சு. முதுகு எரியற எரிச்சலுக்கு அவன் தாடையையும் உடைச்சிருப்பேன். கை பாதி தூரம் மேல போயிடுச்சு. தங்கச்சி பார்த்துட்டே இருந்தா.

கையை இறக்கிட்டேன். "அறை வேணாம். உக்காரு. நான் சொல்றதை எழுது. அதுல முடிச்சுக்கலாம்"னேன். தங்கச்சி பேப்பர் குடுத்தா.

கொக்கிக்கு நடந்ததைச் சொன்னேன், எழுதினான். ஏணி போல்ட்டைச் சொன்னேன், அது பெரிய ரெட்டையன்னு அவனே சொல்லி எழுதினான். எனக்கு நடந்ததைச் சொன்னேன். கசடை அள்ளினது யாருன்னு எனக்குத் தெரியாது, பின்பக்கமா வந்துச்சு. "நான்தான்ணே"ன்னு எழுதினான். கடைசியா, செஞ்சவங்க பேருன்னு சொன்னேன். ரெட்டையர் பேரு ரெண்டையும் எழுதிட்டு நிறுத்திட்டான்.

"எழுதுடா."

"எழுதினா வேலை போயிடும்ணே."

"போனாலும் போகும்."

"அப்ப நான் ஏன் எழுதணும்?"

"கொக்கி எழுதினப்ப அவனுக்கு மட்டும் தெரியாதா, என்ன நடக்கும்னு?"

மூக்கு ஒழுகிச்சு, புறங்கையால துடைச்சுக்கிட்டான். அப்புறம் எழுதினான். கூடத்துல கூப்பிடற பேரு இல்ல, அப்பா அம்மா வச்ச பேரு. இத்தனை வருஷத்துல எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கீழ நான் இடது கையால கையெழுத்து போட்டிருக்கேன், கோழி கிளறின மாதிரி இருக்கும். முன்னால போட்ட பொய்ப் புகாரைக் கிழிச்சுடுங்க. பேப்பரை இதோட வச்சிருக்கேன். தங்கச்சி இதை நாளைக்கு பஸ்ல கையிலயே எடுத்துட்டு வர்றா, தபால் நம்ப முடியாதுன்னு. குடுத்துட்டு உங்க வீட்டுல இருப்பாளா, திரும்பி வருவாளான்னு நான் கேக்கல. நீங்க கேளுங்க.

கூட்டத்துல நின்னுக்கிட்டே பேசுங்க. உக்காரச் சொன்னா உக்காராதீங்க.

உங்க மச்சான்

சார், இதுவரைக்கும் எழுதினது நான்தான். புகாரில் மூணாவது பேரு என்னோடது, பார்த்துக்கங்க. என் வேலை என்ன ஆகுதோ ஆகட்டும். சனிக்கிழமை மத்தவங்களுக்கு உண்டா இல்லையா? கூடத்தில் கேட்டுட்டு வரச் சொன்னாங்க.